இரண்டு பச்சைப் புள்ளிகள்

இயந்திரம் அந்த மீனை ஆண் என்றது. சில நாட்களுக்கு முன் அதே மீனின் வாயிலிருந்துதான் கோதையின் உள்ளங்கையில் குஞ்சுகள் கொட்டியிருந்தன.

மூங்கிலோடை அணையின் அடிவாரத்தில் இரண்டே அறைகள் கொண்ட சின்ன ஆராய்ச்சி நிலையம். அங்கே மீன்களின் குரோமோசோம்களைப் பார்ப்பது கோதையின் வேலை. பரிசல்காரர்கள் ஜிலேபி மீன்களை உயிரோடு கொண்டுவந்து தொட்டியில் விடுவார்கள். அவள் மருந்து செலுத்தி, சிறுநீரகத்திலிருந்து செல்களைப் பிரித்து, அவை உப்பும்வரை ஊறவைத்து, தோள் உயரத்திலிருந்து ஸ்லைடின்மேல் ஒரு சொட்டு விடுவாள். விழுகிற வேகத்தில் செல் விரிந்து, உள்ளே சுருண்டிருந்த குரோமோசோம்கள் வெட்டிப்போட்ட நூல் துண்டுகளைப் போலப் பரவிக் கிடக்கும். நுண்ணோக்கிக்குள் வைத்தால் இயந்திரம் அவற்றை எண்ணி, ஜோடி சேர்த்து, ஆணா பெண்ணா என்று திரையில் சொல்லிவிடும். அதற்குத் தேவையானது ஒரே ஒரு பச்சைப் புள்ளிதான்.

அந்தப் புள்ளி ஆய்வகத்தில் வைக்கப்பட்டது. சாதாரண ஆண்மீனுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். மூங்கிலோடையில் வருடாவருடம் விடப்பட்ட ஆண்மீன்களுக்கு இரண்டுமே ஒய். இரண்டிலும் இருட்டில் ஒளிரும் பச்சைப் பொட்டு. அவற்றுக்குப் பிறப்பதெல்லாம் ஆண். அந்த ஆண்களின் தலைமுறையில் பெண் குறையும். பிறகு இன்னும் குறையும். ஒருநாள் ஏரியில் பெண்ணே இல்லாமல் போகும். வெளிநாட்டிலிருந்து வந்து, நாட்டு மீன்களின் முட்டைகளையெல்லாம் தின்று தீர்த்த ஜிலேபி, விஷமில்லாமல், ரத்தமில்லாமல், தன் பிள்ளைகளாலேயே முடிந்துபோகும். திட்டத்தின் அழகு அதுதான் என்பார் அதை வகுத்த தேவசகாயம் சார்.

ராக்கம்மாளுக்கு இதைச் சொல்லி விளங்கவைத்தது கோதைதான். அணைக்கு மேற்கே பரிசல் ஓட்டி மீன்பிடிக்கும் குடும்பங்களில், மாதிரி மீன் கொண்டுவருவது ராக்கம்மாளின் பொறுப்பு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெற்றிலையை மறுகன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு சொன்னாள்:

“அப்ப எங்க ஏரிக்குப் பொண்ணு குடுக்க ஆளில்லாமப் பண்ணப் போறீக.”

“நாட்டு மீன் திரும்பி வரணும்ல அக்கா?”

“வரட்டும், வரட்டும். அது வர்றவரைக்கும் எம்புள்ளைக எத திங்கும்னு அந்தப் பெரிய டாக்டருகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டு வையி தாயி.”

அந்தக் கேள்வியைக் கோதை கேட்டுவைக்கவில்லை. பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. திட்டம் வென்றால் ஏரியில் மீன்பிடிப்பு சில வருடங்களுக்கு நிறுத்தப்படும். மேலும் பத்து ஏரிகளில் ஆண்மீன்கள் விடப்படும். திட்டம் தோற்றால் அதைவிட மோசம். மேலே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் ஆரம்பத்திலிருந்தே ‘மருந்து ஊற்றிச் சுத்தம் செய்துவிடலாம்’ என்பவர்கள். மருந்து என்றால் ஏரியில் செவுள் உள்ள எதுவும் மிஞ்சாது.

மாதக்கணக்காக வந்த மீன்கள் எல்லாவற்றிலும் ஒன்றோ இரண்டோ பச்சைப் புள்ளிகள். ஆண், ஆண், ஆண் என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. அடுத்த மாதம் மறுஆய்வுக் கூட்டம். மூங்கிலோடை வென்றதாக அறிவிப்பதுதான் பாக்கி.

அப்போதுதான் அந்த மீன் வந்தது.

தொட்டியிலிருந்து எடுக்கும்போதே தாடை வீங்கியிருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மற்ற மீன்களைப் போலத் துள்ளாமல், எதையோ சிந்தாமல் தூக்கிப் போகிறவளின் கவனத்தோடு கிடந்தது. கோதை விரலால் தாடையை மெல்லத் தொட்டாள். வாய் திறந்தது. கண்ணும் வாலுமாக, கடுகு கடுகாகக் குஞ்சுகள். பதறிப்போய் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் விட்டாள். மீனைத் திருப்பிப் பார்த்தாள். அடிவயிற்றில் முட்டை வரும் வழி தெளிவாகத் தெரிந்தது. இந்த இனத்தில் குஞ்சை வாயில் காப்பவள் தாய் மட்டுமே. சிறுநீரகத்துக்காக அவளைக் கொல்லக் கை வரவில்லை. வால் துடுப்பின் ஓரத்தில் நகக்கண் அளவு நறுக்கி, அந்தத் துணுக்கின் செல்களை வளர்த்து, ஸ்லைடு போட்டாள். நாலைந்து நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது திரையில் இரண்டு பச்சைப் புள்ளிகள். கீழே, வழக்கமான எழுத்தில், ஆண்.

பக்கத்துத் தொட்டியில் அந்த ‘ஆண்’ குஞ்சுகளை மறுபடி வாய்க்குள் சேர்த்துக்கொண்டிருந்தது. கோதை நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தச் சொல்லை ஒரு முடிவான குரலில் கேட்பது அவளுக்கு முதல்முறை அல்ல.

*

பதினேழு வயதில், வயதுக்கு வரவில்லை என்று அம்மா அவளை மதுரையில் ஒரு பெரிய மருத்துவரிடம் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்தார்கள். மறுமுறை போனபோது மருத்துவர் கோதையைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பேசினார். கர்ப்பப்பை இருக்கிறது, சினைப்பை வளரவில்லை, மாத்திரை சாப்பிட்டால் மற்றப் பெண்களைப் போலவே இருக்கலாம். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “குரோமோசோம்படி பார்த்தா உங்க பொண்ணு பையன்தான்,” என்றார். அவர் அதைக் கொடூரமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோலச் சொன்னார். அதனாலேயே அது ஆறவில்லை.

பேருந்தில் வரும்போது அம்மா அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, “இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரோ எதிர்த்துப் பேசியதுபோல, “நீ என் பொண்ணு. அவ்வளவுதான்,” என்றாள்.

குரோமோசோம் படிக்கத்தான் போவேன் என்று கோதை அடம்பிடித்தபோது அம்மாவுக்குக் காரணம் புரிந்திருக்கும். ஆனால் அங்கே ஒரு சோதனை காத்திருக்கும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை. தேவசகாயம் சாரின் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்கிறவர்கள் மீனைத் தொடுமுன் தங்கள் ரத்தத்திலேயே ஸ்லைடு போட்டுப் பழக வேண்டும். விரிந்த குரோமோசோம்களைப் படமெடுத்து, கீழே பெயரெழுதிச் சாரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவார். வருகிறவர்களிடம், “இதுதான் எங்க குடும்பப் படம்,” என்று காட்டுவார்.

கோதை அன்று தன் ரத்தத்தை எடுக்கவில்லை. ஊசி என்றால் பயம் என்று பொய் சொல்லி, தோழி நர்மதாவின் ரத்தத்தை வாங்கி ஸ்லைடு போட்டாள். நர்மதா சிரித்துக்கொண்டே ஒரு குழாய் நிறையக் கொடுத்தாள். இரண்டு எக்ஸும் பளிச்சென்று தெரிந்த அந்தப் படத்தில் கோதை தன் பெயரை எழுதியபோது, தேர்வில் பார்த்து எழுதியவளின் வெட்கம் வந்தது.

அந்தப் படம் சுவருக்குப் போகவில்லை. “சரியா விரியலைம்மா, அப்புறம் பாக்கலாம்,” என்று சார் மேசைக்குள் வைத்துவிட்டார். நர்மதாவின் படம் மட்டும் ஏறியது. பிறகு வந்த எல்லாருடைய படமும் ஏறியது. இத்தனை வருடங்களில் கோதை அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தே நடந்தாள்.

*

மறுநாள் காலை பரிசல்கள் கரைக்கு வரும் நேரத்தில் அவள் மேற்குக் கரைக்குப் போனாள். ராக்கம்மாள் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, போன வாரம் வாயில குஞ்சு வச்சிருந்த மீன் ஒண்ணு வந்துச்சு.”

ராக்கம்மாளின் கை நின்றது. “ஆத்தி. வந்துருச்சா? எம்மருமக பிரிச்ச வலை அது. அவ அசலூர்க்காரி, வாயை அமுக்கிப் பாக்காமப் போட்டுட்டா.”

“அமுக்கிப் பாப்பீங்களா?”

“பாக்காம? வாயில புள்ளைய வச்சுக்கிட்டு வயித்துக்குத் திங்காமக் கெடக்கு. அத எப்பிடிக் கரையேத்துறது? கையில பட்டவுடனே ஏரியிலயே விட்டுருவோம். எங்க கரையில எல்லாரும் அப்பிடித்தான்.” சற்றுத் தயங்கி, குரலை இறக்கினாள். “பிடிச்சதெல்லாம் அப்பிடியே கொண்டாரணும்னு நீ சொன்னது ஞாபகம் இருக்கு தாயி. தப்புத்தான். கோவிச்சுக்காத.”

கோதைக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது, அதன் அடியில் குளிர்ச்சியாக ஒரு பயமும். இத்தனை காலமும் அவள் எண்ணியது ஏரியை அல்ல. இந்தக் கைகள் அமுக்கிப் பார்த்து, ஏரிக்குத் திருப்பித் தந்ததுபோக மிச்சத்தை. குஞ்சு காத்த அம்மாக்கள் ஒருத்திகூட அவளுடைய கணக்கில் ஏறவில்லை. தப்பித் தவறி வெறும் வாயோடு வந்த சிலரையும், பச்சைப் புள்ளியைப் பார்த்து இயந்திரம் ஆண் என்று ஒதுக்கியிருக்கும். உடலை யாரும் பார்க்கவில்லை, அவளும்தான்.

“நிறைய இருக்குமா அக்கா, இந்த மாதிரி?”

“முன்ன மாதிரி இல்ல. முன்னெல்லாம் வலைக்கு வலை இருக்கும். இப்ப தேடித்தான் பாக்கணும். ஆனா இருக்கு. ஏன், அதுகளையும் அறுக்கப் போறியா?”

“இல்ல. வால் ஓரத்துல துளி நறுக்கிட்டு விட்டுரலாம். நான் உங்க பரிசல்லயே வர்றேன்.”

“நகம் வெட்டுற மாதிரின்னா சரி,” என்றாள் ராக்கம்மாள். “வேற எதுவும்னா நடுத்தண்ணியில இறக்கி விட்டுருவேன், சொல்லிப்புட்டேன்.”

அப்போதுதான் பரிசலின் அடியில் துடித்துக்கொண்டிருந்த பொடிமீன்களைக் கோதை கவனித்தாள். விரல் நீளம். இடுப்பில் மையிட்டாற்போல ஒற்றைக் கறுப்புப் பொட்டு.

“இது என்னக்கா?”

“கொழம்புக்கு ஆகாத பொடி. போன மழையிலருந்து நாலு, அஞ்சு வந்து மாட்டுது. எம்பேத்தி பாட்டில்ல போட்டு வளக்குது. வேணுமா?”

பொட்டுக்கெண்டை. இந்த ஓடையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாதது. இங்கேயும் இல்லை என்று எழுதி மூடப்பட்டது. தேவசகாயம் சார் இளமை முழுவதும் தேடியது. கோதை முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி நின்றதை உணராமல் நின்றாள்.

*

அடுத்த சில நாட்களில் பரிசலில் போய்த் துணுக்கெடுத்த தாய்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு பச்சைப் புள்ளிகள். இயந்திரம் சலிக்காமல் ஆண் என்றது. கோதை சாரை வரச்சொன்னாள்.

தேவசகாயம் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். மலைப்பாதையில் வந்த அசதியோடு உட்கார்ந்து, ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“துணுக்கு மாறிப்போயிருக்கும்.”

“நானே வெட்டினேன் சார். நானே வளர்த்தேன். முதல்ல வந்த தாய் தொட்டியில இருக்கு, பாருங்க.”

அவர் எழுந்துபோய்ப் பார்த்தார். அந்த மீன், மனித நிழல் விழுந்ததும் குஞ்சுகளை வாய்க்குள் வாரிக்கொண்டு மூலையில் ஒதுங்கியது. நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

“எப்படி?”

“பெண்ணே இல்லாமப் போன தண்ணியில சிலது பெண்ணா வளர்ந்திருக்கு. கோடைச் சூடோ, கூட்டம் குறைஞ்சதோ, என்னன்னு இன்னும் தெரியல. ஒய் இருக்கு. ஆனா அது சொன்னதை உடம்பு கேக்கல.”

“குரோமோசோம் பொய் சொல்லாது கோதை.”

“சொல்லாது சார். ஆனா முழுசையும் அது சொல்லிடறதில்ல.”

அவர் கண்களை மூடிக்கொண்டார். “இதை வெளியே சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? திட்டம் தோத்துச்சும்பாங்க. மருந்தை ஊத்துவாங்க. சொல்லாம இருந்தா... இருந்தா வேற மாதிரி. இன்னும் பத்து ஏரி. நாலு மீனைப் பாத்து அவ்வளவையும் நிறுத்தணுமா? இதெல்லாம் விதிவிலக்கு. ஒதுக்கிட வேண்டியதுதான்.”

விதிவிலக்கு. ஒதுக்கிட வேண்டியதுதான். அவர் மீனைத்தான் சொன்னார். கோதைக்கு அது தெரியும். ஆனாலும் பேருந்தில் அம்மாவின் மடியில் இருந்த கையை இப்போது மேசையிலிருந்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சரி சார் என்று சொல்லிவிட்டால் எதுவும் மாறாது. இத்தனை வருடம் இருந்ததுபோலவே இருந்துவிடலாம். தொட்டிக்குள் அந்த மீன் வாயைத் திறக்காமல் இருந்தது. அதற்கு வாய்க்குள் காப்பாற்ற ஏதோ இருந்தது. தனக்கு என்ன இருக்கிறது என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

“என் ரத்தத்தை இதே மாதிரி ஒரு இயந்திரத்துல வச்சா,” என்றாள், “அது என்னையும் ஆண்னுதான் சொல்லும் சார்.”

வெளியே மதகில் தண்ணீர் இரைவது கேட்டது. தேவசகாயம் அவளைப் பார்த்தார். அவள் எதிர்பார்த்த திடுக்கிடல் அந்த முகத்தில் இல்லை. எப்போதோ இரவல் வாங்கிய புத்தகத்தை ஒருவர் திருப்பித் தர வரும்போது வருமே, அப்படி ஒரு தளர்வுதான் இருந்தது.

“நர்மதாவோட பதினஞ்சாவது குரோமோசோம்ல ஒரு சின்ன வால் உண்டு,” என்றார். “ரொம்ப அபூர்வம். கெடுதல் இல்லாதது. நீ கொடுத்த படத்துலயும் அதே வால் இருந்துச்சு.”

கோதை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“ரெண்டையும் ஒரே சுவத்துல மாட்டினா, கண்ணு தெரிஞ்ச எவனும் கண்டுபிடிச்சுடுவான். அதான் மாட்டல. காரணம் என்னன்னு எனக்குத் தெரியாது. நீ சொல்ல விரும்பலைன்னு மட்டும் தெரிஞ்சுது.”

“ஏன் சார் கேக்கல?”

“கேட்டிருந்தா அடுத்த நாள் நீ வந்திருக்க மாட்டே. எனக்கு நல்லா ஸ்லைடு போடற ஆள் வேணும்.”

அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்தது. அவர் தன் கைக்குட்டையை எடுத்து, அது அழுக்காக இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

“ஒரு மாணவியோட ஸ்லைடைப் பாத்து அவ யாருன்னு முடிவு பண்ண எனக்கு அன்னைக்கு மனசு வரல,” என்றார் மெதுவாக. “ஒரு ஏரியையே அப்படி முடிவு பண்ணிட்டேன், பாரு.”

கோதை எழுந்து, சன்னலோரம் மூடிவைத்திருந்த கண்ணாடித் தொட்டியின் துணியை விலக்கினாள். பொட்டுக்கெண்டைகள் வெயிலுக்குள் திரும்பின.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் மண்டியிட்டார். வாய் ஏதோ முணுமுணுத்தது. ஜெபமா, மீனின் பெயரா, தெரியவில்லை.

“எங்க?”

“மேற்குக் கரையில. ஜிலேபி குறைஞ்சதும் வந்திருக்கு சார். அது அழியல, குறைஞ்சிருக்கு. இதுக்கு அந்த இடம் போதுமா இருந்திருக்கு. மருந்து ஊத்தினா ரெண்டும் போகும்.”

“அப்ப என்ன எழுதப் போறே? தோத்துட்டோம்னா?”

“நாம நினைச்சது நடக்கல, வேற ஒண்ணு நடந்திருக்குன்னு. அதை நடக்க விடணும்னு.”

அவர் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையசைத்தார். கிளம்பும்போது வண்டிக் கதவைப் பிடித்தபடி திரும்பினார்.

“உன் படம் இன்னும் பாக்கி இருக்கு. அவசரமில்ல. சுவத்துல இடம் வச்சிருக்கேன்.”

*

மறுஆய்வுக் கூட்டத்தில் அவரே எழுந்து தன் திட்டத்தின் கணக்குத் தவறு என்று சொன்னார். சிலர் கோபித்தார்கள், ஒருவர் வெளியேறினார். பொட்டுக்கெண்டை இருக்கும்வரை மூங்கிலோடையில் மருந்து கூடாது என்று முடிவானது. பத்து ஏரிகளின் பேச்சு தள்ளிவைக்கப்பட்டது. பரிசல்கள் ஓடலாம், பொட்டு வைத்த மீன் வலையில் வந்தால் மட்டும் திருப்பி விட்டுவிட வேண்டும்.

“அதுக்கென்ன,” என்றாள் ராக்கம்மாள். “எங்களுக்கு விட்டுப் பழக்கம்தான்.”

பரிசல் நடுத்தண்ணீரில் மெல்லச் சுழன்றது. கோதை மடியில் வாளி. அதற்குள் துணுக்கெடுத்த ஒரு தாய். பயத்தில் உமிழ்ந்த குஞ்சுகள் வாளியின் ஓரங்களில் சிதறியிருந்தன.

“உள்ளுக்குள்ள பாத்தியே, இது என்னதான் சொல்லுது?” என்று ராக்கம்மாள் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“ஆம்பளைன்னு சொல்லுதுக்கா.”

ராக்கம்மாள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். “ஆம்பளையா? புள்ளைய வாயில வச்சுக்கிட்டுப் பட்டினி கெடக்குற ஆம்பளைய நான் இந்த ஏரியிலதான் பாக்கணும்னு இருந்திருக்கு. இரு, எங்க வீட்டுக்காரரக் கூட்டியாந்து காட்டணும்.”

கோதை சிரித்த சிரிப்பில் பரிசல் ஆடியது. கல்லூரி நாளுக்குப் பிறகு அப்படிச் சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை.

மீன் வாயைத் திறந்தது. குஞ்சுகள் ஒன்றிரண்டாக, பிறகு கூட்டமாக உள்ளே போயின. ஒன்று மட்டும் வழி தெரியாமல் வாளியைச் சுற்றிக்கொண்டிருந்தது. தாய் திறந்த வாயோடு காத்திருந்தது. அதுவும் வந்து சேர்ந்ததும் கோதை வாளியைத் தண்ணீரோடு தண்ணீராகச் சாய்த்தாள்.

நிலையத்துக்குத் திரும்பியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அம்மாவுக்குப் போன் செய்து, சாரிடம் சொல்லிவிட்டேன் என்றாள். அம்மா, “சாப்பிட்டியா?” என்றாள். குரல் மட்டும் இலேசாகியிருந்தது.

வளர்ப்புப் பெட்டியில் மீன்களின் குழாய்களுக்கு நடுவே ஒரு குழாய் தனியாக இருந்தது. மூன்று நாளைக்கு முன் தன் கையிலிருந்து தானே எடுத்தது. ஊசிக்கு அவள் ஒருபோதும் பயந்தவளில்லை.

குளிர்ந்த ஸ்லைடைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். இயந்திரத்தின் திரையை அணைத்தாள். இதைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். ஸ்லைடின் ஓரத்தில் பென்சிலால் கோதை என்று எழுதினாள். பிறகு எழுந்து நின்று, கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, சொட்டை விட்டாள்.